கந்தப்பளைக்குப் புதிதாக வரும் கொந்தராத்துக்காரர் வியாபார வங்கிக் கணக்குத் திறப்பது எப்படி?

கந்தப்பளையிலும் இறாகலையிலும் நுவரெலியாவைச் சுற்றியும் கட்டட வேலை எப்போதும் ஏதாவது ஒரு மூலையில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தோட்ட வீடமைப்பு, பாதையோரத் தடுப்புச் சுவர், பாடசாலைக் கட்டடம், சுற்றுலா விடுதி, மரக்கறிச் செய்கைக்கான பொலித்தீன் கூடாரம் என்று வேலைகள் பலவகை. 2017 மே மாதம் நோர்வூட்டில் வைத்து இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளைப் போன்ற திட்டங்களின் செய்தி வரும்போதெல்லாம் வெளியூர்க் கொந்தராத்துக்காரர்களின் பார்வையும் மலைநாட்டுப் பக்கம் திரும்புகிறது. அக்குறணை, மடவளை, காத்தான்குடி, கிண்ணியா, புத்தளம் போன்ற ஊர்களிலிருந்து எமது சகோதரர்களும் வருகிறார்கள். டைல் பதிப்பவர், அலுமினியம் பொருத்துபவர், நாலைந்து மேசன்மாரைக் கூட்டிக்கொண்டு வந்து முழு வீட்டையும் பொறுப்பெடுப்பவர் என்று பலர். பஸாரில் ஓர் அறையும் ஹாட்வெயாரில் ஒரு கடன் கொப்பியும் ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும். வங்கிக் கணக்குத்தான் இழுபடும்.

பலர் அதைப் பற்றி யோசிப்பதே முதலாவது பில்லுக்குக் காசோலை கையில் கிடைத்த பிறகுதான். காசோலை வியாபாரப் பெயரில் இருக்கும். அதன் மேல் இரண்டு கோடு போட்டு, கணக்கில் மட்டும் வைப்பிலிட வேண்டும் என்று எழுதியிருக்கும். அதை உங்கள் சொந்தச் சேமிப்புக் கணக்கில் வங்கி பொதுவாக ஏற்காது. மனைவியின் கணக்கிலோ மைத்துனரின் கணக்கிலோ போடவும் முடியாது. சனிக்கிழமை பாஸ்மாருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஹாட்வெயார் ஹாஜியார் சீமெந்துக் காசுக்கு ஆள் அனுப்புகிறார், கையில் பல இலட்சம் ரூபா காசோலை இருந்தும் சட்டைப் பையில் ஆயிரம் ரூபா இல்லை. அந்த நெருக்கடியில்தான் ஆட்கள் தவறான வழிக்குப் போகிறார்கள். இன்னொருவருடைய பெயரில் பில் போட்டு, அவருடைய கணக்கில் பணத்தைப் போடச் சொல்லி, பிறகு அவரிடமே கெஞ்சி வாங்குகிறார்கள். இதனால் முறிந்த நட்புகள் ஒன்றிரண்டல்ல.

எனவே வேலை ஒப்பந்தத்தில் கையொப்பமிட முன்பே கணக்கைத் திறந்துவிட வேண்டும். அதற்கு வங்கி கேட்கும் கடதாசிகள் பலவானாலும் அவை எல்லாம் சேர்ந்து மூன்று விடயங்களைத்தான் சொல்ல வேண்டும்: நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், பணம் எங்கிருந்து வருகிறது. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் வேலை இலகு. ஒன்று இடறினாலும் "இன்னொரு நாள் வாங்க" என்ற பதில்தான்.

பெயர்

தனியாள் வியாபாரமும் கூட்டு வியாபாரமும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயராகப் பதிவு செய்யப்படுகின்றன. இதன் அடிப்படை 1918 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம். இப்போது இவ்விடயம் மாகாணங்களின் கையில் இருப்பதால் கட்டணமும் படிவமும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடலாம். கம்பனி என்றால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனிப் பதிவாளரிடம் பதிய வேண்டும். அதற்குச் செயலாளர், பணிப்பாளர் சம்மதப் படிவங்கள், கணக்குத் திறப்பதற்கான பணிப்பாளர் சபைத் தீர்மானம் எல்லாம் தேவை. இரண்டு மேசன்மாருடன் வேலை தொடங்கும் ஒருவருக்குக் கம்பனி தேவையில்லை என்பது எனது கருத்து. வேலை பெருத்த பிறகு அதைப் பார்க்கலாம்.

பதிவு, வியாபாரம் நடக்கும் இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில்தான் நடக்கும். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், அடையாள அட்டை என்பன அடிப்படை. நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவு இருமொழிப் பிரிவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட ஒன்று. ஆகவே தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் சிங்களப் படிவத்தை வாங்கிக்கொண்டு, அதை நிரப்பித் தரச் சொல்லி ஆசிரியர்மாரைத் தேடி அலைகிறவர்கள் இங்கே நிறையப் பேர். ஆசிரியருக்கு அது பெரிய வேலையில்லை. ஆனால் தான் கையொப்பமிடும் கடதாசியில் என்ன இருக்கிறது என்று கொந்தராத்துக்காரருக்கே தெரியாமல் போவது நல்லதல்ல.

எமது சமூகத்தவருக்குப் பெயரில் ஒரு தனிப்பட்ட சிக்கல் உண்டு. பிறப்புச் சான்றிதழில் 'முஹம்மது', அடையாள அட்டையில் 'மொஹமட்', கடவுச்சீட்டில் 'மொஹம்மட்', வியாபாரப் பதிவில் 'எம்.' என்ற முதலெழுத்து மட்டும். தமிழில் வாசிக்கும்போது எல்லாம் ஒருவர்தான். ஆங்கில எழுத்தில் வங்கியின் கணினிக்கு அவை நான்கு பேர். போதாக்குறைக்கு 2016 முதல் அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கமாகிவிட்டது. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். வியாபாரப் பதிவில் பழைய இலக்கம், கையில் புதிய அட்டை என்று கொண்டுபோனால் கேள்வி வரத்தான் செய்யும். பதிவுப் படிவத்தை நிரப்பும்போது இப்போது கையில் இருக்கும் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுங்கள். ஏற்கெனவே பிழையாகப் பதிந்திருந்தால் வங்கிக்குப் போக முன்பு பிரதேச செயலகத்தில் திருத்திக்கொள்ளுங்கள். "இருவரும் ஒருவரே" என்ற சத்தியக் கடதாசியைச் சில கிளைகள் ஏற்கும், சில ஏற்காது.

முகவரி

புதிதாக வருபவர் அதிகம் சறுக்குவது இங்கேதான். வங்கி உங்கள் நிரந்தர முகவரியையும், இப்போது வசிக்கும் முகவரி வேறாக இருந்தால் அதையும், வியாபார முகவரியையும் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும். மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், தொலைபேசிப் பட்டியல் போன்றவை பொதுவாகக் கேட்கப்படும். பழைய பட்டியல் எடுபடாது, அண்மைய மாதங்களுக்குரியதாக இருக்க வேண்டும்.

பஸாரில் அறை எடுத்திருப்பவரின் மின்சாரப் பட்டியல் கட்டட உரிமையாளரின் பெயரில் இருக்கும். "சேர், பிஆர் இருக்குதானே, பிறகு ஏன் கரண்ட் பில் கேக்கிறாங்க?" என்று ஒரு தம்பி கேட்டார். வியாபாரப் பதிவு, வியாபாரம் இருப்பதைச் சொல்கிறது. அந்த மனிதர் இரவில் எங்கே தூங்குகிறார் என்பதை அது சொல்வதில்லை. வங்கிக்கு இரண்டும் வேண்டும்.

இதற்கு நடைமுறையில் உதவுவது ஒரு கடதாசிக் கட்டு. முதலில், வாய்மொழியாக இருக்கும் வாடகையை எழுத்தில் கொண்டுவாருங்கள். உரிமையாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், அறையின் முகவரி, காலம், வாடகை என்பவற்றுடன் இரு சாட்சிகள். அதனுடன் உரிமையாளர் பெயரிலான மின்சாரப் பட்டியலின் பிரதியையும், "இன்னார் எனது இடத்தில் வாடகைக்கு இருக்கிறார்" என்ற அவருடைய கடிதத்தையும் சேருங்கள். இந்தக் கட்டுடன் கிராம உத்தியோகத்தரிடம் போனால் அவர் உங்களை விசாரிக்க ஓர் ஆதாரம் இருக்கும். வெறும் கையோடு போனால், வாக்காளர் இடாப்பில் பெயரில்லாத ஒருவருக்கு அவர் எதை உறுதிப்படுத்துவார்? அவர் தரும் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இருந்தால் வங்கியில் மறுபேச்சு குறையும்.

வாடகை ஒப்பந்தம் எழுத உரிமையாளர்கள் தயங்குவார்கள். வரி வரும் என்று சிலருக்குப் பயம், குடியிருப்பவர் உரிமை கோரிவிடுவார் என்று சிலருக்கு. வந்த முதல் நாளே, முற்பணம் கொடுக்கும் முன்பே பேசி முடிக்க வேண்டிய விடயம் இது. முற்பணம் கொடுத்த பிறகு உங்கள் பேச்சுக்கு எடையில்லை.

பள்ளிவாசல் நிர்வாகத்தின் கடிதத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அறிமுகத்துக்கு அது உதவும். முகவரிச் சான்றாக வங்கி அதை ஏற்பது அரிது. அறிமுகம் என்பது வேறு: நடைமுறைக் கணக்குத் திறக்கும்போது, அதே வங்கியில் ஏற்கெனவே நடைமுறைக் கணக்கு வைத்திருக்கும் ஒருவரின் அறிமுகக் கையொப்பத்தைப் பல கிளைகள் எதிர்பார்க்கின்றன. உங்களுக்குச் சீமெந்து தரும் ஹாட்வெயார் உரிமையாளர் அதற்குப் பொருத்தமானவர். உங்களுக்குக் கடன் தரும் மனிதர் உங்களுக்காகக் கையொப்பமிடுவது வங்கி முகாமையாளருக்கு எந்தக் கடிதத்தையும் விடப் பெரிய சாட்சி.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இப்போது சொந்தமாகக் கொந்தராத்து எடுக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களின் நிலை இதைவிடக் கடினம். கோட்லொஜ், பார்க், கொங்கோடியா போன்ற தோட்டங்களின் லயங்களில் வசிக்கும் பலருக்குத் தமக்கென்று தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர்தான் முகவரி. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து எப்போதாவது வந்து சேரும். வங்கியின் காசோலைப் புத்தக அறிவித்தலும் அதே வழியில்தான் வர வேண்டும். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் வாழ்ந்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் வங்கிக் கருமபீடத்தில் ஒரே கேள்விதான் காத்திருக்கிறது என்பது வேடிக்கையல்ல, வெட்கக்கேடு. இந்த நாட்டின் பெரிய வங்கிகளில் ஒன்றான ஹற்றன் நஷனல் வங்கியின் வேர், 1888 இல் ஹற்றனில் தோட்டத்துரைமாருக்காகத் தொடங்கிய ஹற்றன் வங்கி. தேயிலை மலை ஒரு வங்கியைப் பெற்றெடுத்தது. லயத்துக்கு ஒரு கதவிலக்கம் கொடுக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. இந்த இளைஞர்கள் தோட்ட முகாமைத்துவத்தின் வதிவிடக் கடிதத்தையும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழையும் சேர்த்துக் கொண்டுபோவதும், வியாபார முகவரியாகப் பஸாரில் கடிதம் வந்து சேரக்கூடிய ஓர் இடத்தைப் பதிவதும் இப்போதைக்கு உள்ள வழி.

வெளியூர்ச் சகோதரர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, பலர் அதை யோசிப்பதில்லை. உங்களுக்கு ஊரில் ஏற்கெனவே வியாபாரப் பதிவு இருந்தால், ஊர்க் கிளையிலேயே கணக்கைத் திறந்துகொண்டு வாருங்கள். அங்கே உங்கள் பெயரில் மின்சாரப் பட்டியல் இருக்கும், கிராம உத்தியோகத்தர் உங்களை அறிவார், அறிமுகம் செய்யவும் ஆள் உண்டு. காசோலையை அதே வங்கியின் எந்தக் கிளையிலும் வைப்பிலிடலாம், பணமும் எடுக்கலாம். ஆறு மாத வேலைக்கு வருபவருக்கு இதுவே மேல். இரண்டு மூன்று வருடம் இங்கேயே தங்குவதென்றால் மட்டும் இங்கே புதிய பதிவு எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பணம் வரும் வழி

கணக்குத் திறக்கும் படிவத்தில் வருமானத்தின் மூலம், மாதாந்தம் எதிர்பார்க்கும் வரவு, கணக்கின் நோக்கம், உண்மையான உரிமையாளர் யார் என்றெல்லாம் கேள்விகள் இருக்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு, இப்படிக் கேட்கும்போது "எங்களை மட்டும்தான் துருவுகிறார்கள்" என்று எமது ஆட்களுக்குத் தோன்றுவது விளங்கிக்கொள்ளக் கூடியது. ஆனால் இந்தக் கேள்விகள் 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்திலிருந்தும், அதன் கீழ் 2016 இல் வந்த வாடிக்கையாளர் பற்றிய விதிகளிலிருந்தும் வருபவை. எந்தச் சமூகத்தவரானாலும் கேட்டே ஆக வேண்டும். எனவே கோபப்படாமல், ஒழுங்காக எழுத்தில் பதில் கொடுங்கள். வேலை உத்தரவுக் கடிதம், ஒப்பந்தப் பிரதி, விலைமனு ஆகியவற்றில் எது இருந்தாலும் கொண்டுபோங்கள். வெளிநாட்டில் உழைத்த பணத்தில் தொழில் தொடங்குபவர் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

எதிர்பார்க்கும் வரவைக் குறைத்துச் சொல்வது பலருடைய பழக்கம். வரி பற்றிய பயம்தான் காரணம். மாதம் ஓர் இலட்சம் என்று எழுதிவிட்டு மூன்றாம் மாதம் இருபது இலட்சம் வந்தால் வங்கி விளக்கம் கேட்கும், அதுவரை பணத்தைக் கையாள்வது சிக்கலாகலாம். அதேபோல் 10 இலட்சம் ரூபாவும் அதற்கு மேலும் காசாகக் கொடுக்கல் வாங்கல் செய்தால் அது மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிக்கையிடப்படும். அறிக்கையிடுவது குற்றச்சாட்டு அல்ல, வழமையான நடைமுறை. ஆனால் அதற்குப் பயந்து ஒன்பது இலட்சம், எட்டு இலட்சம் என்று உடைத்து உடைத்துப் போட்டால் அதுவே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடும். நேர்மையான பணத்தைக் களவுப் பணம் போலக் காட்டிக்கொள்வதில் என்ன இலாபம்?

வரி இலக்கம், அதாவது எல்லோரும் சொல்லும் 'டின் நம்பர்', நடைமுறைக் கணக்குக்குக் கேட்கப்படும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து பெறலாம், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். இலக்கம் எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்ற கதை பிழையானது. 2025 ஏப்ரல் முதல் தனியாளுக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வரி விலக்கு உண்டு. கொந்தராத்துக்காரருக்கு வரும் முழுக் காசோலையும் அவருடைய வருமானம் அல்ல, பொருளுக்கும் கூலிக்கும் போனது போக மிஞ்சுவதுதான் கணக்கு. அதைக் காட்டுவதற்கும் தனியான வியாபாரக் கணக்கு தேவை. வீட்டுச் செலவும் சீமெந்துச் செலவும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் எந்தக் கணக்காளராலும் பிரித்தெடுக்க முடியாது.

எந்த வங்கி?

வட்டி பற்றிக் கவலைப்படும் எமது வாசகர்களுக்கு: சாதாரண நடைமுறைக் கணக்கில் வங்கி பொதுவாக வட்டி தருவதில்லை. பிரச்சினை வருவது மறுபக்கத்தால். கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காசோலை எழுதி, வங்கி அதைக் கொடுத்துவிட்டால் அது மேலதிகப் பற்று, 'ஓடி'. அதற்கு நீங்கள் வட்டி கட்ட வேண்டும். மேலதிகப் பற்று வசதி வேண்டாம் என்பதைக் கணக்குத் திறக்கும் போதே எழுத்தில் கொடுக்கலாம். அமானா வங்கி 2011 முதல் முழுமையாக வட்டியில்லா அடிப்படையில் இயங்கி வருகிறது. இலங்கை வங்கியின் அந்-நூர், கொமர்ஷல் வங்கியின் அல்-அதாலா, ஹற்றன் நஷனல் வங்கியின் அல்-நஜா போன்ற இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளும் உண்டு. இப்பிரிவின் சேவை எல்லாக் கிளைகளிலும் ஒரேமாதிரி இருக்காது, பஸ் ஏற முன்பு தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டியில்லாக் கணக்கு தேர்ந்தெடுப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. ஓடி இல்லையென்றால், பணம் போதாத காசோலை நேராகத் திரும்பி வரும். பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் குற்றமாகும். திரும்பிய காசோலைகளின் விபரம் கடன் தகவல் பணியகத்துக்கும் போகும், நாளைக்கு லீசிங்கில் ஒரு லொறி எடுக்கப் போனால் அது முன்னால் வந்து நிற்கும். திகதி பின்போட்டுக் காசோலை கொடுக்கும் ஹாட்வெயார்ப் பழக்கத்தில் மாட்டிக்கொள்பவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். தோட்ட வேலைகளில் பில் பணம் சொன்ன திகதிக்கு வந்த கதை குறைவு. இன்னொரு சிறு விடயம்: காசோலையில் வெட்டித் திருத்தாதீர்கள். பக்கத்தில் கையொப்பமிட்டாலும் இப்போது ஏற்பதில்லை, காசோலையின் படத்தைத்தான் வங்கிகள் பரிமாறுகின்றன. ஆசிரியர் கலாசாலையில் எமக்கு எத்தனையோ படிப்பித்தார்கள், ஒரு காசோலை எழுதுவதை மட்டும் யாரும் காட்டித் தரவில்லை. பாடசாலையிலும் நாம் பிள்ளைகளுக்குக் காட்டித் தருவதில்லை.

கூட்டாக வேலை செய்பவர்கள் கையொப்ப அதிகாரத்தை யோசித்து எழுதுங்கள். 'யாராவது ஒருவர்' என்றால் ஒருவர் அறியாமல் மற்றவர் முழுப் பணத்தையும் எடுக்கலாம். 'இருவரும் சேர்ந்து' என்றால் ஒருவர் உம்ராவுக்குப் போனால் சம்பள நாள் தடைப்படும். குறிப்பிட்ட தொகை வரை ஒருவர், அதற்கு மேல் இருவர் என்று கேட்டுப் பாருங்கள்.

அரச வேலைக்குப் போக விரும்புபவர், 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையில் தரம் பெற வேண்டும். விலைமனுப் பிணை, செயலாற்றுகைப் பிணை என்று வங்கி உத்தரவாதங்களும் தேவைப்படும். புதிய வாடிக்கையாளரிடம் வங்கி அதற்குப் பணத்தைப் பிடித்து வைக்கும். கணக்கு ஒழுங்காக ஓடி வந்திருந்தால் அந்தப் பிடி தளரும். சிறிய வேலைகள் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஊடாகவும், தோட்ட வீடமைப்பு தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊடாகவும் நடப்பதுண்டு. அங்கே பணம் முதலில் சங்கத்தின் கணக்குக்குத்தான் வரும். சங்கத்திடமிருந்து உங்கள் வியாபாரக் கணக்குக்குக் காசோலையாகவோ கணக்கு மாற்றமாகவோ கேட்டு வாங்குங்கள். காசாக வாங்கினால் நீங்கள் வேலை செய்ததற்கே நாளைக்கு ஆதாரம் இருக்காது. தரம் கூட்ட விண்ணப்பிக்கும்போது காட்ட எதுவும் மிஞ்சாது.

ஆள் வைத்து வேலை வாங்குபவர் ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் பங்காக 12 சதவீதமும் ஊழியரின் 8 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் கட்ட வேண்டும். மேசன்மாரில் பெரும்பாலோர் இதை ஒருபோதும் கண்டதில்லை. கணக்கு வழியாகச் சம்பளம் போகத் தொடங்கினால் இதைத் தட்டிக் கழிப்பது கடினமாகும் என்பதால்தான் சிலர் கணக்கே வேண்டாம் என்கிறார்கள். அவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு கிளை மறுத்தால், காரணத்தைக் கேளுங்கள், முடிந்தால் எழுத்தில். எந்தக் கடதாசி குறைகிறது என்று சொன்னால் அதைக் கொண்டுபோகலாம். வெறுமனே "எங்களுக்குச் சரிவராது" என்றால் இன்னொரு வங்கிக்குப் போங்கள், ஒரே கருமபீடத்தில் நின்று வாதாடுவதில் நாள் போவதுதான் மிச்சம். நடத்தப்பட்ட விதத்தில் அநீதி இருப்பதாக நினைத்தால் முதலில் அந்த வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி, பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். போன திகதி, நேரம், எந்தக் கருமபீடம், என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.